ஆன்லைன் வம்சாவளி மாநாடு: மதுரைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது?

மேலூர் வாசகர் ஒருவரின் கேள்வி, 21 அக்டோபர் 2024

வம்சாவளி தேடுவதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு ஒரு அமெரிக்க மாநாடு இந்த வாரம் நடக்கிறது. முழுக்க ஆன்லைன். கட்டணம் டாலரில், நம் காசுக்கு மாற்றினால் வயிற்றைக் கலக்குகிறது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன்: ஞானஸ்நானப் பதிவு, அமெரிக்க சென்சஸ், ராணுவப் பென்ஷன், கல்லறைக் கல். இதில் ஒன்றும் நம்மிடம் கிடையாது. நமக்கு வேண்டியதெல்லாம் குலசாமி கோயில் பூசாரியிடம் இருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஏழு தலைமுறை சொல்லிவிடுவார். காசு வீண் என்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

21 அக்டோபர், இரவு, என் பதில்

நான் கட்டணம் கட்டிவிட்டேன் தம்பி, வம்சாவளி தேடிக் கொடுப்பதுதானே என் தொழிலும். இதுதான் முதல் தடவை. பூசாரி ஏழு தலைமுறை சொல்வார், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஏழில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கப்பலேறிப் போனவன் பெயரும் இருக்காது. திரும்பி வராதவனை நாலு வருஷத்தில் கோயில் வரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் அவன் பிறக்கவே இல்லை. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த எடுக்கப்பட்டவனின் பேரப்பிள்ளைகள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் மலேசியாவின் ஈப்போவிலிருந்தும் எழுதுகிறார்கள்.

22 அக்டோபர்

சேர்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நேரமெல்லாம் அமெரிக்கக் கிழக்கு நேரம். இப்போதைக்கு நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். அங்கே காலை 11 என்றால் இங்கே இரவு 8.30. அங்கே மாலை 6க்கு முடிந்தால் இங்கே விடிகாலை 3.30. நவம்பர் 3 அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து பத்தரை மணி நேரம். மாநாட்டுக்குப் பின் நவம்பர் 7இல் ஒரு கேள்வி நேரம் இருக்கிறது, அதற்குப் பழைய கணக்கில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் சும்மா கொட்டாவி விட வேண்டியதுதான்.

25 அக்டோபர், காலை

முதல் நாள் முடிந்தது. வீட்டில் எல்லோரும் படுத்தபின் அடுப்படியில் லேப்டாப்பைத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நடுராத்திரி தண்ணீர் குடிக்க வந்த மாமியார், யாரோடு இங்கிலீஷில் குசுகுசுவென்று பேசுகிறாய் என்று விளக்கைப் போட்டார்.

உரை ஓடும்போதே பக்கத்தில் அரட்டைப் பெட்டியும் ஓடுகிறது. ஒவ்வொருவரும் தன் ஊரைப் போடுகிறார்கள்: ஒஹாயோ, யூட்டா, டப்ளின். நான் மதுரை என்று போட்டேன். உடனே ஒருவர், உங்கள் ஊர்க் கல்லறைப் பட்டியல் இணையத்தில் உண்டா என்றார். தத்தனேரிச் சுடுகாட்டில் எரிக்கப்பட்டவனுக்குக் கல் ஏது? இன்னொருவர் சென்சஸ் கேட்டார். அவர்களுக்கு 72 வருஷம் கழிந்ததும் வீடு வீடாகப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள், 1950ஆம் வருஷத்துப் படிவங்கள் 2022 ஏப்ரலிலேயே வெளியாகிவிட்டன. நம் 1948ஆம் வருஷச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்புப் படிவத்தை யாரும் பார்க்கவே கூடாது என்கிறது. இதைச் சொன்னதும் பெட்டியில் வரிசையாக அழுமூஞ்சிப் பொம்மைகள் விழுந்தன.

இதுவரை மேலூர்த் தம்பி பக்கம்தான் காற்று. ஆனால் மாநாட்டில் பாதி உரை பதிவேடுகளைப் பற்றியதே இல்லை. ஒரு உறவை நிரூபித்தாயிற்று என்று எப்போது சொல்லலாம் என்பதைப் பற்றியது. அங்கே 1964இலேயே வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்க ஒரு வாரியம் வைத்துவிட்டார்கள், 1979இல் தொழில்முறையாளர் சங்கம் வந்தது. இப்போது அவர்கள் வைத்திருப்பது ஐந்து நிபந்தனை. தேட வேண்டிய இடங்களை நியாயமான அளவுக்குத் தேடித் தீர்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலையும் எங்கே பார்த்தோம் என்று எழுத வேண்டும். கிடைத்ததை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அலச வேண்டும். முரண்பட்டால் தீர்க்க வேண்டும். கடைசியில் காரணத்தோடு முடிவை எழுதித் தர வேண்டும்.

கேட்கும்போது இவ்வளவுதானா என்றிருக்கும். நம் ஊரில் நாலாவதுதான் இடிக்கும். பெரியவர் ஒன்று சொல்கிறார், பழைய பத்திரம் வேறு சொல்கிறது. அவர் வீட்டுத் திண்ணையில் அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே பத்திரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவது யார்?

26 அக்டோபர்

நேற்று மதியம் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. போன் டேட்டாவில் இரண்டாம் நாளைக் கேட்டேன், பேசுகிறவர் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார். பதிவு வீடியோ பின்னால் தருகிறார்கள் என்பதால் பதறவில்லை. முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டால் அவர்கள் இங்கிலீஷ் எனக்கு இன்னும் நன்றாகவே பிடிபடுகிறது.

கொஞ்ச நேரம் கரண்ட் வந்தபோது அறிமுக அறைக்குள் போனேன். முன்பின் தெரியாத நாலு பேரை ஒரே ஜூம் அறையில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. அதில் ஒரு அம்மாள், பாஸ்டன் பக்கம், மதுரை என்றதும் நிமிர்ந்தார். 1834இலிருந்து இங்கே வேலை செய்த அமெரிக்க மதுரை மிஷனின் காகிதங்கள் ஹார்வர்டில் ஹூட்டன் நூலகத்தில் இருப்பதாகவும், அவர் அங்கே வேறு வேலைக்குப் போய்வருவதாகவும் சொன்னார். திருமங்கலத்திலும் பெரியகுளத்திலும் அந்த மிஷனுக்கு நிலையங்கள் இருந்தன. அந்த மிஷன் இருந்த பசுமலையை நான் பஸ்ஸில் கடக்காத வாரம் இல்லை, அதன் கடிதங்கள் மாசசூசெட்ஸில் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. கட்டணத்தில் பாதி அந்த அறையிலேயே கழிந்துவிட்டது.

27 அக்டோபர்

நிதானமாக எழுத வேண்டியது இது.

மூன்றாம் நாள் ஒரு உரையில் சான்றை மூன்று தட்டாகப் பிரித்தார்கள். காகிதம் மூலமா, பார்த்து எழுதிய நகலா, யாரோ தொகுத்து எழுதியதா என்பது ஒன்று. அதில் உள்ள தகவலைச் சொன்னவர் நேரில் அறிந்தவரா, கேள்விப்பட்டவரா என்பது இன்னொன்று. அந்தத் தகவல் நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறதா, சுற்றி வளைத்தா, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதே ஒரு பதிலா என்பது மூன்றாவது. ஒரே காகிதத்தில் ஒரு வரி நம்பத்தக்கதாகவும் அடுத்த வரி கேள்விப்பட்டதாகவும் இருக்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனசு டர்பன் குடும்பம் ஒன்று கொடுத்திருக்கும் வேலைக்குப் போய்விட்டது. மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். வேலை கொடுத்த என் கட்சிக்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஜில்லா மதுரா (நம் மதுரைதான்), தாலுகாவில் மசி கொட்டியிருக்கிறது, ஊர் கல்லுப்பட்டி.

எந்தக் கல்லுப்பட்டி? பேரையூர் தாலுகாவில் டி.கல்லுப்பட்டி, பெரியகுளம் தாலுகாவில் ஜி.கல்லுப்பட்டி. ஜில்லாவை வைத்தும் சுருக்க முடியாது. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் மதுரைக்குள்தான் இருந்தன. திண்டுக்கல் 1985 வரை, தேனி 1996 வரை நம்மோடு இருந்தவை. வெளிநாட்டுக்காரர் இன்றைய மேப்பில் மதுரை மாவட்டத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே தேடுவார். அந்த வட்டத்தின் அளவு முதலிலேயே தப்பு.

டி.கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பழைய கோயில் வரி நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தை அதில் தேட, முதலில் அது எந்த வருஷத்து நோட்டு என்று தெரிய வேண்டும். கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோயில் பொங்கலுக்கு வரி. முதல் பக்கத்தில் "குரோதி வருஷம் புரட்டாசிப் பொங்கல் வரி" என்று இருக்கிறது. இந்த 2024ஆம் வருஷமும் குரோதிதான். இதற்கு முந்தியது 1964, அதற்கு முந்தியது 1904. அறுபது வருஷச் சக்கரத்தில் எது என்று நோட்டு சொல்லவில்லை. ஆனால் வரி அணாவில் இருக்கிறது, அதனால் 1904 என்று எடுத்துக்கொள்கிறேன். அணாவுக்குப் பதிலாக நயாபைசா 1957 ஏப்ரலில் வந்துவிட்டது.

28 அக்டோபர்

உசிலம்பட்டி அண்ணன் ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: எங்கள் அப்பத்தா சாகிறவரை நாலணா எட்டணா என்றுதான் சொன்னது, அதை வைத்து அப்பத்தாவை 1957க்கு முன்னால் கொண்டுபோய் வைப்பீர்களா?

நியாயமான கேள்வி அண்ணே. நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா, பன்னிரண்டணா 75 பைசா. காசு மாறினாலும் இவற்றின் பெயர் வாயில் நின்றுவிட்டது. ஆனால் இந்த நோட்டில் தலைக்கட்டுக்கு ஏழணா. புதுக்காசில் அது 43.75 பைசா. 1964இல் எந்த ஊர்க் கூட்டத்திலும் 43.75 பைசா வரி போட்டிருக்க மாட்டார்கள்.

28 அக்டோபர், இரவு

இன்னொரு சந்தேகம் எனக்கே வருகிறது. நோட்டு முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே மை. வரி நோட்டு அப்படி இருக்காது. ஒருவர் இன்று கொடுப்பார், ஒருவர் அறுப்பு முடிந்து கொடுப்பார், "பாக்கி" என்று எழுதி அப்புறம் அடிப்பார்கள். இதில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. செல்லரித்த பழைய நோட்டைப் பார்த்துப் பின்னால் யாரோ சுத்தமாக எழுதி வைத்த நகலாக இருக்கலாம். அப்படியானால் வரி 1904, காகிதம் அதற்குப் பிந்தியது. எழுதியவர் தனக்குத் தெரியாத பேரை விட்டிருப்பாரா என்பதுதான் இனிக் கேள்வி.

30 அக்டோபர்

நாளை தீபாவளி. முறுக்கு மாவு பிசைந்த கையோடு இதைத் தட்டுகிறேன். வரி நோட்டைப் பற்றி நான் எழுதியதைப் பார்த்து ஒரு தங்கை, மொய் நோட்டும் சான்றாகுமா என்று கேட்கிறார். ஆகும். என்னைக் கேட்டால் வரி நோட்டை விட மேல். வரியில் பங்காளிகள் மட்டும், அதுவும் ஆம்பளைகள். மொய்யில் தாய்மாமன் சீர் முதலில் வரும், பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர், கடைக்காரர், வாத்தியார் எல்லோரும் ஊர்ப்பெயரோடு இருப்பார்கள். மாநாட்டில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பாடம், ஆள் கிடைக்காவிட்டால் அவனுடைய சேக்காளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் தேடு என்பது. நம் ஊரில் அந்தப் பட்டியலை ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து பந்தி முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இழவு வீட்டுக் கணக்கையும் விடாதீர்கள். பிறந்தவீட்டுக் கோடித்துணி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் அந்தப் பெண் எங்கிருந்து வந்தவள் என்பது தெரிந்துவிடும். சில கிழவிகளுக்கு ஊர் தெரிகிற ஒரே இடம் அதுதான்.

4 நவம்பர்

போஸ்டர் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஆமாம், கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நானும் போட்டோ எடுத்து வைக்கிறேன். மதுரைச் சுவர்களில் மகன், மருமகன், பேரன், யார் துபாய், யார் மின்வாரியம் என்பது வரை இருக்கிறது. ஆனால் அதுவும் அலசப்பட வேண்டியதுதான். போஸ்டருக்குக் காசு கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும், சண்டையில் இருக்கும் தம்பி பெயர் இருக்காது. இல்லாத பெயரும் தகவல்தான் என்று மாநாட்டில் சொன்னது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

டிஎன்ஏ உரை ஒன்றையும் இன்று பதிவில் பார்த்தேன். ஒரே வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்கிற சமூகங்களில், இரண்டு பேரின் மரபணு ஒத்துப்போவது இருப்பதை விட நெருங்கிய உறவாகக் காட்டும் என்றார்கள். நம் வீடுகளில் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் எல்லாம் கட்டுகிற முறை. சாதாரணமாக ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைக்கு எட்டில் ஒரு பங்கு ஒத்துப்போகும். நம் ஆட்களுக்கு இரண்டு மூன்று வழியில் உறவு கூடுவதால் அந்தக் கணக்கு ஏறிவிடும். டர்பன் குடும்பம் என்னிடம் ஒரு மாதிரி முடிவை அனுப்பி, இவர் எங்களுக்கு நெருங்கிய சொந்தமா என்று கேட்டிருந்தது. அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று இப்போது காரணத்தோடு எழுத முடிகிறது.

நான் பயன்படுத்துகிற மென்பொருளில் தாய்மாமனைக் கட்டிய ஒரு அம்மாளைப் பதிந்தால், "பிழை இருக்கலாம், சரிபார்க்கவும்" என்று ஒவ்வொரு முறையும் மஞ்சள் விளக்கு எரிகிறது. சரிபார்த்துவிட்டேன் அப்பா, கல்யாணத்துக்கே போயிருக்கிறேன்.

8 நவம்பர்

கேள்வி நேரம் நேற்று இரவு முடிந்தது. கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்: கப்பல் பட்டியலில் சாதி என்று ஒரு பத்தி இருக்கிறது, கட்சிக்காரர் அதைப் பற்றிக் கேட்டால் அறிக்கையில் எப்படி எழுதுவது? சிலர் எடுத்துவிடச் சொல்கிறார்கள், சிலர் மாற்றிப் போட முடியுமா என்கிறார்கள். ஒருவர் கூடுதல் காசே தருவதாகச் சொன்னார்.

பதில் எனக்குப் பிடித்தது. பதிவில் உள்ளதை உள்ளபடி எடுத்து எழுது, கூட்டாதே, குறைக்காதே. அதை யார், எந்தச் சூழ்நிலையில் பதிந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுது. கூலிகளைக் கப்பலேற்றும்வரை தங்கவைத்த மதராஸ் டிப்போவில் ஒரு குமாஸ்தா கேட்டு எழுதியது அது. போகிறவன் தன் சாதியை மாற்றிச் சொல்ல அவனுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம், குமாஸ்தா சரியாகக் காதில் வாங்காமலும் இருந்திருக்கலாம். உயிரோடிருக்கிறவர்களைப் பற்றிய தகவலை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே தராதே என்றும் சொன்னார்கள். இது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத விதி. ஒரு வீட்டில் விசாரித்துவிட்டுத் தெருமுனைக்கு வருவதற்குள் டீக்கடைக்காரர் நமக்குப் பதில் சொல்கிறார்.

17 நவம்பர்

மேலூர்த் தம்பி திரும்ப வந்திருக்கிறார். இத்தனையும் படித்தபின்னும் தன் கருத்தில் மாற்றமில்லையாம்: பதிவேடு விஷயத்தில் அந்த மாநாட்டில் நமக்கு ஒன்றும் இல்லை என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள் அக்கா.

சொன்னேன். ஹூட்டன் நூலகத்தைத் தவிர எந்தப் பதிவேட்டையும் அங்கே நான் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை. பதிவேட்டுக்காகப் போகிறவர் போக வேண்டாம், எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் இருக்கிறது, பூசாரியும் இருக்கிறார். நான் போனதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. டர்பன் வேலை முடியவில்லை. ஜி.கல்லுப்பட்டிக்கு இன்னும் போகவில்லை, அங்கே வரி நோட்டு வைத்திருக்கிறவர் மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருக்கிறார். முன்பாக இருந்தால் டி.கல்லுப்பட்டிதான் என்று எழுதிக் கொடுத்துக் காசை வாங்கியிருக்கலாம், கட்சிக்காரரும் சந்தோஷமாகப் பொங்கல் வைக்க வந்திருப்பார். இப்போது இடைக்கால அறிக்கை அனுப்பியிருக்கிறேன். எங்கெங்கே தேடினேன், எதில் கிடைக்கவில்லை, எந்த இடம் இன்னும் பாக்கி என்று. கிடைக்காததையும் எழுதிக் காசு வாங்கலாம் என்பதை நம் ஊரில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் பத்திரம் எழுதுகிற தொழில். ஆவணம் கைக்கு வந்தால்தான் கூலி.

கட்சிக்காரர் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்ச மணி நேரத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்.

24 நவம்பர்

ஒப்பந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறேன் என்று பலர் கேட்டதால்:

எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில். "எங்கள் குடும்ப வரலாறு" என்று எழுதினால் ஆயுசு முழுக்க வேலை செய்ய வேண்டும். எத்தனை மணி நேரம், அதற்கு முன்பணம் எவ்வளவு. பஸ், ஆட்டோ, நகல் கட்டணம், பெரியவர்களுக்கு வாங்கிப் போகும் பழம் வெற்றிலை தனிச் செலவு. விடை கிடைக்காமலும் போகலாம், அப்போதும் அறிக்கை உண்டு, பணம் திரும்பாது. உயிரோடிருக்கிறவர்கள் பற்றிய விதி. வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வங்கியில் நோக்கக் குறியீடு கேட்பார்கள், அதனால் எதற்கான கட்டணம் என்று ரசீதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இதில் எனக்கு இன்னும் நாக்கு எழாதது முன்பணம். உள்ளூர்க்காரர் கேட்டால் "பார்த்துக் கொடுங்க" என்றுதான் வாய் தானாகச் சொல்கிறது. மாநாட்டில் ஒருவர் கண்ணாடி முன்னால் நின்று தொகையைச் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொன்னார். பழகிப் பார்த்தேன், மாமியார் மறுபடியும் விளக்கைப் போட்டார்.

மணிக்கு எவ்வளவு வாங்குகிறேன் என்று கேட்ட இருவருக்கும் தனியாகச் சொல்கிறேன். இங்கே எழுத மாட்டேன், என் நாத்தனார் இதைப் படிக்கிறார்.